எருக்குழிக்குக் காய்ச்சல்

மார்கழி விடியலில் ஊர்ப்பக்கம் நடந்திருக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. திண்ணை இருக்கிறது, மாட்டுக் கொட்டகை இருக்கிறது, அடுப்படிச் சாம்பல் இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டுத் தெருநாய் ஒன்று எருக்குழி மேட்டில் சுருண்டு கிடக்கும். மேட்டிலிருந்து மெல்லிசாக ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும். பனி என்று நினைத்துக் கடந்துவிடுவோம். நாய் அப்படி ஏமாறுவதில்லை.

அந்த மேட்டில் ஒரு கடப்பாரையை இரண்டு முழ ஆழத்துக்குச் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவிப் பாருங்கள். நுனியைப் பிடிக்க முடியாமல் கை சுடும். ‘உள்ள வெந்துக்கிட்டிருக்கு’ என்பார்கள் விவசாயிகள். மிகைப்பேச்சு என்று தள்ள முடியாது. நல்ல பதத்தில் இருக்கும் குழியின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸைத் தொடும். சில சமயம் 70ஐயும் தாண்டும். முட்டையின் வெள்ளைக்கரு உறையத் தொடங்குவதே 60ஐ ஒட்டித்தான். அந்தச் சூட்டில் பசியெடுத்து, தின்று, பெருகி, சுகமாகக் குடித்தனம் நடத்துகிற ஒரு கூட்டம் உள்ளே இருக்கிறது. குப்பையை உரமாக்கும் வேலையில் முரட்டுப் பங்கு அவர்களுடையது.

தீ இல்லாமல் சூடு எப்படி வந்தது? நம் உடம்பு 37 டிகிரியில் இருப்பது எப்படியோ அப்படித்தான். தின்ற இட்லி சர்க்கரையாக உடைந்து, மூச்சில் இழுத்த ஆக்சிஜனோடு சேர்ந்து, கரியமில வாயுவும் தண்ணீருமாகிறது. வழியில் கிடைக்கும் ஆற்றலில் ஒரு பங்கை உடம்பு தன் வேலைக்குப் பிடித்துவைத்துக்கொள்ளும். மீதி சூடாகக் கசிந்துவிடும். பாக்டீரியாவுக்கும் இதே கணக்கு. ஒரு கிராம் குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் கிடைப்பது சுமார் 15.6 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 3.7 டிகிரி சூடேற்ற அது போதும். ஒரு வண்டிக் குப்பையில் எத்தனை கிலோ மாவுச்சத்து, எத்தனை கிலோ நார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒற்றை பாக்டீரியா விடும் சூடு கணக்கில் வராது. கோடிகோடியாக நெருக்கியடித்து உட்கார்ந்து, சுற்றிலும் வைக்கோலையும் சருகையும் கம்பளியாகப் போர்த்திக்கொண்டு தின்றால் அந்தச் சூடு எங்கே போகும்? கல்யாண மண்டபத்தில் பந்தி நேரம் பார்த்து மின்விசிறி நின்றுபோனால் நமக்கு நேர்வதுதான் அவற்றுக்கும்.

சாணம், பச்சைத் தழை, காய்ந்த சருகு மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒரு மீட்டர் நீள அகல உயரத்துக்கு மேடு போட்டு, பிழிந்த துணி அளவுக்கு ஈரம் காட்டி, நீளக் காம்புள்ள வெப்பமானியைச் செருகிவையுங்கள். தினமும் குறித்துவந்தால் கிடைக்கும் கோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் காய்ச்சல் அட்டையைப் போலவே இருக்கும். இரண்டு மூன்று நாளில் 45ஐத் தாண்டும். ஒரு வாரத்துக்குள் 60 பக்கம் போய் நிற்கும். சில நாளிலிருந்து சில வாரம் வரை அங்கேயே இருந்துவிட்டு மெல்ல இறங்கும். கிளறிவிட்டால் மறுபடி ஏறும். ஒவ்வொரு கிளறலுக்கும் ஏறும் உயரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் என்ன கிளறினாலும் அசையாது.

நம் காய்ச்சலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு. நமக்கு 104 அடித்தாலும் உடம்பு அதே உடம்பு. குழியில் சூடு ஏற ஏற ஆட்களே மாறிவிடுகிறார்கள். தொடங்கிவைப்பவை நம் தோட்டத்து மண்ணிலும் வாழைப்பழத் தோலிலும் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியாக்கள். சாதம், பழம், பச்சைக் கீரை என்று எளிதில் கரையும் பண்டங்களை அவை அவசர அவசரமாகத் தின்கின்றன. அந்த அவசரத்தில் கிளம்பும் சூடே அவற்றுக்கு எமனாகிறது. 45ஐ நெருங்கும்போது அவற்றின் புரதங்கள் குலையத் தொடங்கும். பந்தியைத் தொடங்கிவைத்தவர்கள் பாயசம் வரை இருப்பதில்லை. அவர்கள் விட்ட இலையில் வந்து உட்காருகிறவைதான் வெப்பவிரும்பிகள். போனவர்களின் உடல்களும் இவற்றுக்குச் சாப்பாடுதான்.

இவை அதுவரை எங்கே இருந்தன? பிறகு இந்தக் கேள்விக்கு வருகிறேன். பதில் கொஞ்சம் விசித்திரமானது.

சூடு நுண்ணுயிர்களின் வேலை என்பது ஒரு காலத்தில் சண்டைக்குரிய விஷயமாக இருந்தது. ஈர வைக்கோலைப் போர் போட்டால் தானாகச் சூடேறும், சில வேளை தானாகவே தீப்பிடிக்கும் என்பது ஐரோப்பிய விவசாயிகளுக்குப் பழைய பயம். (நம் ஊரில் எரிந்த பல போர்களுக்குக் காரணம் பீடித் துண்டாக இருந்திருக்கலாம், ஆனாலும் ‘ஈரத்தோட போர் போடாதே’ என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பூசணத்துக்குப் பயந்து மட்டும் இல்லை.) ஜெர்மன் தாவரவியலாளர் ஹியூகோ மீஹே 1907இல் வைக்கோல் தானாகச் சூடேறுவது பற்றி ஒரு புத்தகமே எழுதினார். முதல் கட்டச் சூட்டை எழுப்புவது உயிருள்ள நுண்ணுயிர்கள்; 70க்கு மேல் அவையும் அடங்கியபின் வெறும் வேதியியல் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தீ வரை கொண்டுபோகிறது. எருக்குழி அந்த எல்லைக்குப் போகாமல் தப்பிப்பது பெரும்பாலும் அதன் ஈரத்தால்தான். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறது. நாய்க்கு மேலே எழுந்த ஆவி அந்த வகைதான்.

இந்தியாவில் இந்தச் சூட்டைக் கணக்குப்போட்டு வேலை வாங்கியவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஆங்கிலேயர். யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளரோடு சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் ‘இந்தூர் முறை’. 1931இல் இருவர் பெயரிலும் புத்தகம் வந்தது. ஹோவர்டை நினைவு வைத்திருக்கும் இயற்கை விவசாய உலகம் வாட்டை ஏனோ மறந்துவிட்டது. முறையின் சாரம் எளிது. சருகும் சாணமும் மூத்திரம் ஊறிய மண்ணும் சேர்த்து அடுக்கு, ஈரம் காட்டு, மூன்று மாதத்துக்குள் மூன்று தடவை புரட்டு. புரட்டுவது எதற்கு? ஓரத்தில் குளிர்ந்து கிடந்தது நடுவுக்குப் போய் வேக வேண்டும். நடுவில் மூச்சுமுட்டிக் கிடந்தவற்றுக்குக் காற்று கிடைக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து சி.என். ஆச்சார்யா பெங்களூரில் வேறொரு வழி கண்டார். நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கி மண்ணால் மூடிவிடுவது. புரட்டும் கூலி மிச்சம். ஆனால் உள்ளே இருந்த காற்று தீர்ந்ததும் சூடும் இறங்கிவிடும். உரமாக ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். மூன்று மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் நடுவே நிற்பது பெருமளவுக்குக் காற்றுதான்.

சூடு அதிகமானால் வேலையும் அதிகமாகும் என்று எண்ணிவிட வேண்டாம். பின்னாளில் ஸ்ட்ரெப்டோமைசினுக்காக நோபல் வாங்கிய செல்மன் வாக்ஸ்மன், 1939இல் குதிரைச் சாணத்தை 28, 50, 65, 75 டிகிரியில் தனித்தனியாக மக்கவைத்துப் பார்த்தார். 50இல் வேலை கனவேகம். 75இல் ஏறக்குறைய ஸ்தம்பித்துவிட்டது. 70ஐத் தாண்டும் குழி தன் தொழிலாளர்களையே வேகவைத்துக்கொள்கிறது. பதமான இடம் 50க்கும் 60க்கும் நடுவில்.

இனி வேலையைப் பார்ப்போம். ஒரு கைப்பிடி அரிசி, ஒரு கைப்பிடி வைக்கோல். இரண்டும் ஒரே பயிர். அரிசியின் மாவுச்சத்து குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை. வைக்கோலின் செல்லுலோஸும் அதே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைதான். முடிச்சு மட்டும் வேறு. அரிசியில் முடிச்சுகள் ஒரே பக்கமாகத் திரும்பியிருப்பதால் மாலை சுருண்டு தளர்ந்து கிடக்கிறது. வாயில் போட்டதுமே எச்சில் அவிழ்க்க ஆரம்பித்துவிடும். வைக்கோலில் ஒவ்வொரு மணியும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதனால் மாலை நேராக நீண்டு, பக்கத்து மாலையோடு ஒட்டி, கட்டுக்கட்டாக இறுகிவிடுகிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் சாவி நம் உடம்பில் கிடையாது. மாட்டின் உடம்பிலும் கிடையாது. அது வயிற்றில் நுண்ணுயிர்களைக் குடிவைத்துச் சமாளிக்கிறது. முடிச்சின் திசை மாறியிருந்தால் நாம் வைக்கோலைத் தின்றுவிட்டு அரிசியை மாட்டுக்குப் போட்டிருப்போம்.

அந்தச் சாவியின் பெயர் நொதி. என்சைம் என்றால் சிலருக்கு உடனே புரியும். பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. வைக்கோல் துண்டை விழுங்கவும் முடியாது, ஒரு பாக்டீரியாவுக்கு அது பனைமரம் மாதிரி. ஆகவே நொதிகளை உடம்புக்கு வெளியே கக்குகிறது. வெளியிலேயே செரிக்கவைத்து, கரைந்துவரும் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. குழியின் ஈரத்தை வெறும் ஈரமாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சருகின் மேலும் படர்ந்திருக்கும் அந்த மெல்லிய நீர்ப்படலம், எல்லோரும் சேர்ந்து செரிக்கும் பொது வயிறு. காய்ந்துபோன மேடு சூடேறாமல் கிடப்பது அதனால்தான்.

செல்லுலோஸை ஒரே நொதி உடைத்துவிடாது, ஒரு செட்டே வேண்டும். ஒரு நொதி கட்டின் நடுவே புகுந்து எங்கெங்கோ வெட்டும். இன்னொன்று வெட்டுப்பட்ட முனையைப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு மணியாகக் கழற்றியபடி நகரும். மூன்றாவது அந்த இரட்டை மணியை ஒற்றையாகப் பிரிக்கும். மூன்றும் தனித்தனியே செய்யும் வேலையின் கூட்டுத்தொகையைவிடச் சேர்ந்து செய்வது அதிகம். கரும்புத் தோட்டத்தில் வெட்டுகிறவர், சோகை கழிக்கிறவர், கட்டுக் கட்டுகிறவர் ஒரே வரிசையில் நகர்கிற மாதிரி. தெர்மோபிஃபிடா ஃபுஸ்கா என்ற பாக்டீரியா இந்த வித்தையில் பேர்போனது. 50 முதல் 55 டிகிரி அதற்குப் பிடித்த சூடு. நூல்நூலாக வளரும் ஆக்டினோபாக்டீரியா குடும்பத்தைச் சேர்ந்தது. எருக்குழியைக் கிளறும்போது உள்ளே சாம்பல் பூத்தது போல வெள்ளையாக ஒரு படலம் தெரியும் இல்லையா? பூசணம் பிடித்துவிட்டது என்று பலர் கவலைப்படுவார்கள். பெரும்பாலும் அது இந்தக் குடும்பம் குடியிருந்த தடம். குழி ஆறியபின் எழும் புதுமழை மண்வாசனையும் இவர்களின் உறவினர்கள் உபயம்தான்.

காற்று புகாத மூலைகளில் வேறொரு வித்தைக்காரர்: அசிட்டிவைப்ரியோ தெர்மோசெல்லஸ். க்ளாஸ்ட்ரிடியம் என்ற பழைய பெயரில்தான் பலருக்குத் தெரியும். 60 டிகிரியில், ஆக்சிஜன் இல்லாமல் வாழும். இது நொதிகளைச் சிதறவிடுவதில்லை. ஒரே சட்டத்தில் பல நொதிகளைக் கோத்து, முழுக் கருவிப்பெட்டியையும் தன் உடம்பின் வெளிப்புறத்தில் மாட்டிக்கொண்டு நார்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆராய்ச்சியாளர்கள் இதற்கு 1983இல் செல்லுலோசோம் என்று பெயர் வைத்தார்கள். தச்சர் இடுப்பில் உளியும் இழைப்புளியும் செருகியிருப்பது மாதிரி என்று சொல்லலாம். என்ன, இங்கே உளிகள் தாமாகவே செதுக்கும்.

நாருக்கு நடுவே இருக்கும் ஹெமிசெல்லுலோஸை ஸைலனேஸ் என்ற நொதிகள் பார்த்துக்கொள்கின்றன. சாணத்திலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதத்தைப் புரோட்டியேஸ்கள் உடைக்கின்றன. அதில் மிஞ்சும் நைட்ரஜன்தான் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா. குழியில் அந்த நெடி அடித்தால் தழையும் சாணமும் அதிகம், சருகு குறைவு என்று அர்த்தம். கார்பனும் நைட்ரஜனும் முப்பதுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டி இருக்கவேண்டும் என்று புத்தகங்கள் சொல்வதைத்தான் மூக்கும் சொல்கிறது. இரண்டு கூடை சருகு போட்டால் அடங்கிவிடும்.

லிக்னினிடம் மட்டும் இவை தோற்றுப்போகின்றன. மரத்துக்கு முரட்டுத்தன்மை தருவது அதுதான். அதை உடைப்பதில் கெட்டிக்காரர்கள் பூஞ்சைகள், ஆனால் 60ஐத் தாண்டிய சூட்டில் அவை வளர்வதில்லை. ஆகவே காய்ச்சல் இருக்கும்வரை ஓரத்தில் ஒதுங்கி இருந்து, சூடு இறங்கியபின் வருகின்றன. தேங்காய் மட்டையும் குச்சியும் கடைசி வரை அப்படியே கிடப்பதற்குக் காரணம் இது.

இப்போது அடிப்படையான கேள்வி. முட்டை வெந்துவிடும் சூட்டில் இவை ஏன் வேகவில்லை? நொதியும் புரதம்தானே, வெள்ளைக்கருவும் புரதம்தானே?

புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி தனக்குத்தானே மடிந்து முடிச்சிட்டுக்கொண்ட உருவம். மடிப்புகளைப் பிடித்துவைப்பவை சின்னச் சின்ன ஈர்ப்புகள். சூடேறினால் சங்கிலி ஆடுகிறது. ஆட்டம் அந்தப் பிடிகளை மீறும்போது மடிப்பு அவிழ்கிறது. அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதைத்தான் வேகவைத்த முட்டை என்கிறோம். வெப்பவிரும்பிகளின் நொதியில் புதுச் சரக்கு எதுவும் கிடையாது. அதே இருபது அமினோ அமிலங்கள். தைத்த விதம்தான் வேறு. நேர்மின்னும் எதிர்மின்னும் எதிரெதிரே வந்து கைகோத்துக்கொள்ளும் இடங்கள் அதிகம். எண்ணெய்ப்பசையுள்ள பகுதிகள் நடுவில் இடைவெளியில்லாமல் அடைத்திருக்கும். வெளியே துருத்திக்கொண்டு ஆடும் வளையங்கள் குறைவு. சிலவற்றில் ஒரு கால்சியம் அயனி பொத்தான் போட்ட மாதிரி இரண்டு மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும். தையல் நெருக்கமாக விழுந்தால் துணி கிழியாது. விறைப்பாகவும் இருக்கும். அதனால்தான் இந்த நொதிகளில் பல, நமக்குச் சுகமான 30 டிகிரியில் மந்தமாகக் கிடக்கின்றன. அசைந்து கொடுக்கவே அவற்றுக்குச் சூடு வேண்டும்.

உயிரணுவின் சவ்வுக்கும் இதே சிக்கல். அது கொழுப்பால் ஆனது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. காரணம், கொழுப்புச் சங்கிலியின் வடிவம். நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொண்டு சீக்கிரம் உறையும். வளைந்தவை இளகியே இருக்கும். சாதாரண பாக்டீரியாவின் சவ்வு 60 டிகிரியில் நீர்த்துப்போய் ஒழுகிவிடும். வெப்பவிரும்பிகள் உருகுநிலை கூடிய கொழுப்புகளைத் தேர்ந்து சவ்வைக் கட்டுகின்றன. நமக்கு வெயில் நாளில் ஓடுகிற தேங்காய் எண்ணெய் அவற்றுக்குப் போதாது. இன்னும் கெட்டியானது வேண்டும்.

இப்படிப்பட்ட உயிர்களைத் தேடி விஞ்ஞானிகள் எரிமலைப் பக்கம் போனார்கள். 1966இல் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் எடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் கதை பிரசித்தம். அதன் நொதியை வைத்துத்தான் பிசிஆர் சோதனை இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு வந்தது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்ட எல்லோரும் அந்த ஊற்றுக்குக் கடன்பட்டவர்கள். தெர்மஸ் இனத்துக்கு வெந்நீர் ஊற்றுதான் சொந்த ஊர் என்றே நெடுநாள் நம்பினார்கள். 1996இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் சமையல், தோட்டக் கழிவுகள் மக்கும் மேடுகளில் வெப்பமானியைச் செருகி, 65க்கு மேல் கொதிக்கும் இடத்திலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். தெர்மஸ் அங்கே கிராமுக்குக் கோடிக்கணக்கில் இருந்தது. காய்கறித் தோலுக்கு நடுவே!

குழியின் இன்னொரு நிரந்தர வாசி ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ். பெயர்தான் நீளம். ஒரு மருத்துவமனையில் அறுவைக் கத்திகளை நீராவிப் பெட்டியில் வைத்துக் கிருமி நீக்கும்போது, கூடவே ஒரு சின்னக் குப்பியில் இதன் ஸ்போர்களையும், அதாவது உறங்கும் வித்துகளையும், வைப்பார்கள். 121 டிகிரி நீராவியில் இதுவே செத்துவிட்டால் மற்ற எதுவும் பிழைத்திருக்காது என்று உறுதி. 2000இல் ஜப்பானில் உருவான ‘லாம்ப்’ என்ற மரபணுச் சோதனை, பிசிஆர் போலச் சூட்டை ஏற்றி இறக்கும் இயந்திரம் இல்லாமல் 60 முதல் 65 டிகிரியில் ஒரே சீராக நடக்கும். அதில் டிஎன்ஏவைப் படியெடுப்பது இந்த பாக்டீரியாவின் நொதிதான். எருக்குழியின் சூடும் அந்தச் சோதனைக் குழாயின் சூடும் ஏறக்குறைய ஒன்றே என்பது தற்செயலாக அமைந்ததில்லை.

எனக்குப் பிடித்த கதை ஒசாகாவினுடையது. 1970இல் உலகப் பொருட்காட்சி நடந்த இடம் அங்கே இப்போது பெரிய பூங்கா. உதிர்ந்த இலையையும் கிளையையும் அங்கேயே மக்கவைக்கிறார்கள். ஒசாகா பல்கலைக்கழகக் குழு அந்த இலை உரத்தில் ஒரு பிடி எடுத்து, எந்த பாக்டீரியாவையும் வளர்க்க முயலாமல், மொத்த டிஎன்ஏவையும் அப்படியே பிரித்து, ஆய்வுக்கூட பாக்டீரியாவுக்குள் துண்டு துண்டாகப் புகுத்தித் தேடியது. 2012இல் அவர்கள் அறிவித்த நொதி ஒரு க்யூட்டினேஸ். எந்த உயிரினம் அதைச் செய்தது என்று தெரியாமலே நொதி மட்டும் கையில் கிடைத்தது.

க்யூட்டின் என்பது இலையின் மேல்தோல். மாவிலையில் தண்ணீர் ஊற்றினால் ஊறாமல் வழிந்து ஓடுகிறதே, அதில் மெழுகோடு சேர்ந்து இதற்கும் பங்குண்டு. வேதியியல் கண்ணால் பார்த்தால் அது ஒரு பாலியெஸ்டர். நாம் போடுகிற பாலியெஸ்டர் சட்டைக்கும், தண்ணீர் பாட்டிலின் ‘பெட்’ பிளாஸ்டிக்குக்கும் இலைத்தோலுக்கும் நடுவே ஓடுவது ஒரே வகை எஸ்டர் பிணைப்பு. செடிகள் பாலியெஸ்டர் போர்வையை நெய்யத் தொடங்கிப் பல கோடி ஆண்டுகள் ஆயிற்று. அதை அவிழ்க்கும் நொதிகளும் குப்பைக்குள் பழுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. பாட்டில் நேற்று வந்த விருந்தாளி. சாவி பழைய பூட்டுக்குச் செய்தது, புதுப் பூட்டிலும் திரும்பியது.

திரும்பியதற்குச் சூடும் ஒரு காரணம். பெட் பிளாஸ்டிக் கமர்கட்டு மாதிரி. குளிர்ந்திருக்கும்போது கல். 70 டிகிரியை ஒட்டினால் அதன் சங்கிலிகள் இளக ஆரம்பிக்கும். அப்போதுதான் நொதிக்குப் பிடி கிடைக்கும். அந்தச் சூட்டில் பிழைத்து நிற்கும் நொதி வேண்டுமென்றால் அதைத் தேட எருக்குழியைவிட நல்ல இடம் எது? 2016இல் ஜப்பானிலேயே சக்காய் நகரத்தில் பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா ஒன்று கிடைத்து உலகமெங்கும் செய்தியானது. ஆனால் அது 30 டிகிரியில் வேலை செய்வது. ஒரு மெல்லிய படலத்தைத் தின்ன ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. இலை உரத்து நொதியை பிரான்சில் துலூஸ் ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் எடுத்துக்கொண்டு, கால்சியம் பொத்தான் இருந்த இடத்தில் கந்தகப் பாலம் ஒன்றைத் தைத்து, இன்னும் ஓரிரு இடத்தில் மாற்றினார்கள். 2020இல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவு: 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் பெட் பிளாஸ்டிக்கின் 90 சதவீதம் அதன் மூலப்பொருள்களாகப் பிரிந்துவிட்டது.

உடனே தண்ணீர் பாட்டிலை எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். ஆய்வில் பிளாஸ்டிக்கை முதலில் உருக்கி, சட்டென்று குளிரவைத்து, பொடியாக்கித்தான் நொதியிடம் கொடுத்தார்கள். பாட்டிலின் சங்கிலிகள் படிகமாக இறுகியிருக்கும். எந்த எருக்குழியும் அதைத் தொடாது. ‘மக்கும் பை’ என்று அச்சடித்து விற்கும் பைகளுக்கும் இதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம். அவற்றில் பல, 58 டிகிரியை ஒட்டிய தொழிற்சாலைச் சூட்டில் மக்கும் என்று சோதித்துச் சான்றிதழ் வாங்கியவை. வீட்டு மாடித் தொட்டியில் போட்டால் மாதக்கணக்கில் பையாகவே இருக்கும். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தச் சூட்டில் மக்கும் என்பதையும் பையிலேயே அச்சடிக்கலாம், இடம் நிறையவே இருக்கிறது.

மாடித் தொட்டி என்றதும் நினைவு வருகிறது. எங்கள் அடுக்ககத்தில் ஒரு அக்கா சமையலறைக் கழிவை மண் தொட்டியில் மக்கவைக்கிறார். ‘புத்தகத்துல 60 டிகிரின்னு போட்டிருக்கு, என் தொட்டி வெதுவெதுன்னுகூட இல்லையேப்பா’ என்று ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். கடையில் விற்கிற பொடி, மோர், வெல்லம் எல்லாம் ஊற்றிப் பார்த்துவிட்டாராம். பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை, பருமனுக்குத்தான் பஞ்சம். ஒரு மீட்டர் கனசதுர மேட்டில் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 6 சதுர மீட்டர் மேற்பரப்பு. 30 சென்டிமீட்டர் தொட்டியில் அதே கணக்கு 20 ஆகிவிடும். சூடு பிறக்கப் பிறக்க வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒற்றை இட்லி சீக்கிரம் ஆறிவிடுகிறது, இட்லிச் சட்டி நிறைய இருந்தால் ஆறுவதில்லை என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் தொட்டியிலும் உரம் ஆகத்தான் செய்கிறது. மெதுவாக, காய்ச்சல் இல்லாமல். ஆனால் அந்த உரத்தைப் போட்ட செடித்தொட்டி எல்லாவற்றிலும் தக்காளி முளைக்கிறது. விதை வேகவில்லை என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம்.

விதைக்குச் சொன்னது கிருமிக்கும் பொருந்தும். கழிவுநீர்ச் சகதியை உரமாக்குவதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1993இல் வகுத்த விதியில், மூடிய கலத்தில் என்றால் தொடர்ந்து 3 நாள் 55 டிகிரிக்குக் குறையக்கூடாது. திறந்தவெளி வரிசை மேடு என்றால் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்டவேண்டும். குடற்புழு முட்டையும் டைபாய்டு கிருமியும் அதில் முடிந்துவிடும். சூடேறாத தொட்டியில் நோய் விழுந்த செடியையும் நாயின் கழிவையும் போடாமல் இருப்பது நல்லது.

வெப்பவிரும்பிகள் எல்லாம் சாதுக்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஈரத்தில் சூடேறிய வைக்கோலின் தூசியில் இருக்கும் ஆக்டினோபாக்டீரியாக்களின் ஸ்போர்களைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் அழற்சி வரும். விவசாயி நுரையீரல் என்றே அதற்குப் பெயர். சர்க்கரை ஆலைகளில் பழைய கரும்புச் சக்கையைக் கையாளுகிறவர்களுக்கும் இதே போன்ற நோய் உண்டு. காய்ந்த குழியைக் கிளறும்போது முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வதும், முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்வதும் செலவில்லாத காரியம்.

இந்தச் சூட்டை நாய்க்கு முன்பே கண்டுபிடித்தவர்களும் உண்டு. நிக்கோபார் தீவுகளில் மெகாபோட் என்ற பறவை மண்ணையும் தழையையும் குவித்து மேடு போட்டு, முட்டையை அதற்குள் புதைத்துவிட்டுப் போய்விடும். அடைகாக்கும் வேலையில் மக்கும் தழைக்கும் பங்குண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெண் ராஜநாகம் சருகைக் கூட்டிக் கூடு கட்டுகிறது. பாம்புகளில் கூடு கட்டுவது அது ஒன்றுதான். சருகுக் கூட்டுக்குள்ளும் அதே மெல்லிய வெதுவெதுப்பு.

தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். 60 டிகிரியில் மட்டும் ஒழுங்காக வாழும் ஒரு உயிர், அந்தச் சூடே வராத தோட்டத்து மண்ணில் எப்படி இருந்தது? ஜியோபேசில்லஸை ஆராய்கிறவர்களை நெடுநாள் குழப்பிய புதிர் இது. குளிர்நாட்டு மண்ணை எடுத்தாலும், கடலடிச் சகதியை எடுத்தாலும், சூடேற்றி வளர்த்துப் பார்த்தால் அது முளைத்து வருகிறது. வளரவே முடியாத இடங்களில் இத்தனை எண்ணிக்கையா? விடை அதன் ஸ்போரில் இருப்பதாகக் கருதுகிறார்கள். சூடு இறங்கும்போது பாக்டீரியா தன் டிஎன்ஏவைக் கெட்டியான உறைக்குள் பூட்டிக்கொண்டு உறங்கப் போகிறது. தின்பதில்லை, மூச்சுவிடுவதில்லை, பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். உரமேட்டைக் கிளறும்போது பறக்கும் தூசியில் ஏறி, காற்றோடு போய், மழையோடு இறங்கி, எங்கெங்கோ படிந்துவிடும். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் அடியில் படிந்த தூசியில்கூட நாலைந்து இருக்கலாம். எங்கேயோ யாரோ சாணத்தையும் சருகையும் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்து, ஈரம் காட்டி, இரண்டு நாள் பொறுத்தால் விழித்துக்கொள்ளும்.

தை பிறந்து எருவை வயலுக்கு அள்ளியாயிற்று. குழியில் கடப்பாரை செருகினால் இப்போது சில்லென்று இருக்கிறது. நாய் வைக்கோல் போர் பக்கம் இடம் மாறிவிட்டது.